உன் கல்யாணத்துக்கு நாங்கள் வராததன் காரணங்கள்

அன்புள்ள குமரா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ரங்கூன் பசுந்தாங்கில் நம் தெருவிலும், அதை ஒட்டிய சந்துகளிலும், ஓடைப் பக்கத்துச் சந்தையில் மீன் விற்கிற பெண்கள் வரைக்கும் எல்லோருக்கும் நீ நார்வே நாட்டின் சட்ட மந்திரி. உன்னை அந்தப் பதவியில் அமர்த்தியது உன் கட்சி இல்லை, நான்தான். ஒரு மழைக்காலத்துக் காலையில் மீரான் பாயின் டீக்கடையில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மகன் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிறான், இன்னொருவர் மகன் துபாயில் ஹோட்டலையே கையில் வைத்து நடத்துகிறான் என்று பேச்சு வரிசையாக வந்து என்னிடம் நின்றது. ‘என் மகன் பாராளுமன்றத்துல இருக்கான்’ என்றேன். அதுவரைக்கும் உண்மை. ‘அங்கன என்னவா இருக்காப்ல?’ என்று மீரான் பாய் கேட்டார். அந்த இடத்தில் என் நாக்கு என்னைக் கேட்காமலேயே ஒரு படி ஏறிவிட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உண்மை கொஞ்சம் விளக்கம் கேட்கிற உண்மை. உன் வட்டாரத்தில் ஜெயித்த அம்மாள் பிரசவ லீவில் போயிருக்கிறார், அவர் திரும்பி வரும்வரை பட்டியலில் அடுத்தவனான நீ அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய், அவர் வந்ததும் எழுந்து வழி விட்டுவிடுவாய் என்று இந்த ஊரில் யாரிடம் சொல்ல முடியும்? இங்கே நாற்காலியை விட்டு எழுந்தவருக்கு அது திரும்பக் கிடைத்ததும் இல்லை, உட்கார்ந்தவர் தானாக எழுந்ததும் இல்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால்தான் புளுகுகிறான் என்றிருப்பார்கள். அதனால் மந்திரி என்றேன், நம்பினார்கள். அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்தால் மீரான் பாய், ‘வாங்க மந்திரி வாப்பா, சர்க்காரு நல்லா நடக்குதா?’ என்று கேட்டுப் பால் ஏடு மிதக்கிற டீயைக் கொண்டுவந்து வைக்கிறார். அவர் நம்புகிறாரா, கேலி செய்கிறாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தக் கடிதம் ஊரார் கண்ணில் படுகிற அன்று உன் பதவி போய்விடும். என் பால் ஏடும் போய்விடும்.

போகட்டும். உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. இங்க்ரிட் தன் கையாலேயே ஓரத்தில் பூ வரைந்திருக்கிறாள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். நாங்கள் வரப்போவதில்லை. அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வழியில் ஊர்வம்பும் கொஞ்சம் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள். நான் வீட்டுத் தரகன். வம்பு பேசாமல் எனக்கு ஒரு வீட்டைத் திறந்து காட்டக்கூடத் தெரியாது.

முதல் காரணம் குளிர். ஜூன் மாதத்தில் அங்கே குளிர் இல்லை, ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கும் என்று நீ போனில் சொன்னாய். அதைக் கேட்டு அம்மா இன்னும் கவலைப்பட்டாள். ‘சூரியன் மறையாத ஊர்ல எத்தனை மணிக்குங்க விளக்கேத்துவாங்க?’ என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உன் கட்சிக்காரர்களிடம் கேட்டுச் சொல். இரண்டாவது காரணம் என் முழங்கால். மூன்றாவது காரணம் தொழில். நான் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு நல்ல வீடு கைமாறிப்போனால் தரகு போய்விடும் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடுகள் இருக்கின்றன, குமரா. தெருவுக்குத் தெரு பூட்டுகள் தொங்குகின்றன. வாடகைக்கு வருவதற்குத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். ஐந்தாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், கிழவனும் கிழவியும் மின்சாரம் வருகிற நேரத்தைப் பார்த்துச் சோறு வடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அறையை வாடகைக்கு விடுங்களேன், கொஞ்சம் கையில் காசு வருமே என்றால், ‘விடலாம். பையன் திடீர்னு வந்துட்டா எங்கே படுப்பான்?’ என்று கேட்கிறார்கள். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். இப்போதெல்லாம் நான் அந்த அறையைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை. நம் வீட்டிலும் உன் கட்டிலில்தான் துவைத்த துணியை மடித்து வைக்கிறோம். ஆனால் வைத்த அன்றே எடுத்துவிடுகிறோம்.

நீ போன நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உனக்குப் பதினேழு வயது. பல நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிற ஏதோ ஒரு பள்ளிக்கூடம், நார்வேக் கடலோரத்தில் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது என்றார்கள். செலவு முழுக்க அவர்களுடையது. விமான நிலையத்தில் நான் வாயை மூடவே இல்லை. அந்த ஊர் மீனைப் பற்றி ஒரு ஜோக், உன் பெட்டியில் இருந்த ஊறுகாயைச் சுங்க அதிகாரி முகர்ந்து பார்த்தால் என்ன ஆவான் என்று ஒரு ஜோக், உன் தலைமுடியைப் பற்றி ஒரு ஜோக். நீ சிரித்துக்கொண்டே உள்ளே போனாய். திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினாய், அப்போதும் சிரித்தாய். நல்லபடியாக அனுப்பிவைத்தோம் என்று நான் நிமிர்ந்து நின்றேன். பஸ்ஸில் வரும்போது அம்மா, ‘அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல இருந்தேன். நீங்க எடமே குடுக்கலே’ என்றாள். என்ன வார்த்தை என்று கேட்டேன். ‘இப்ப எதுக்கு?’ என்றாள். நீ மேடை ஏறிப் பேசுகிற தொழிலுக்குப் போய்விட்டதால் சொல்கிறேன்: கிடைத்த இடத்தையெல்லாம் பேசி நிரப்பிவிடாதே. பக்கத்தில் நிற்கிறவர் ஏதாவது வைத்திருப்பார். இங்க்ரிட் அதிகம் பேசுகிற பெண்ணாகத் தெரியவில்லை. வீடியோவில் ‘வணக்கம் அம்மா’ என்று சொல்லிவிட்டு அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாளே, அம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

பிறகு நீ அங்கேயே சட்டம் படித்தாய். வக்கீலானாய். இந்த ஊரில் வக்கீலென்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர். உன் ஊரில் வக்கீலென்றால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவராம். இதை நீ ஒரு தடவை போனில் எனக்கு விளக்கியபோது நான் நெடுநேரம் யோசித்தேன். என் தொழில் முழுக்க யாரைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. அப்படியென்றால் உன் ஊரில் என்னைப் போல ஒருவன் எதற்கு? பேப்பர் போடக்கூட ஆகமாட்டேன்.

நீ வலதுசாரிக் கட்சியில் சேர்ந்தபோது இங்கே யாருக்கும் அதன் அர்த்தம் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. உன் தாத்தாவின் துணிக்கடையை ஒரு நாள் காலையில் சிப்பாய்கள் வந்து அரசுடைமை என்று சொல்லி அளந்து, எண்ணி, பூட்டி, மறுவாரம் அதே கடையை ‘மக்கள் கடை’ என்று எண் போட்டுத் திறந்த கதையை நீ சின்ன வயதில் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். தாத்தா அந்தக் கடைக்கே போய் வரிசையில் நின்று, தான் கொள்முதல் செய்த துணியிலேயே தனக்கு ஒரு லுங்கி வாங்கிக்கொண்டு வந்த இடம் வரும்போது நான் அவர் நடையை நடித்துக் காட்டுவேன், நீ உருண்டு உருண்டு சிரிப்பாய். நான் அதை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துவைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. கல்லூரியில் யாரோ பொதுவுடைமையைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசியபோது நீ எழுந்து அந்த லுங்கிக் கதையைச் சொன்னாயாம், சபை அடங்கிவிட்டதாம், கட்சிக்காரர் ஒருவர் வெளியே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாராம். உன் அரசியல் அங்கே ஆரம்பித்தது என்று நீயே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறாய். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. பள்ளிக்கூடம் இலவசம், ஆஸ்பத்திரிக்குப் பெயருக்குத்தான் காசு, பிள்ளை பெற்றால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சம்பளத்தோடு லீவு, இதெல்லாம் உன் கட்சிக்கும் சம்மதம் என்கிறாய். இதுதான் வலது பக்கம் என்றால், இடது பக்கத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்து சோறு ஊட்டிவிடுவார்களா?

ஆனால் உன்னை உண்மையிலேயே அந்தப் பக்கம் தள்ளியது லுங்கிக் கதை இல்லை, அந்தத் தாயும் இரண்டு பிள்ளைகளும்தான் என்று நான் நினைக்கிறேன். வக்கீலாகி முதலில் எடுத்த வழக்குகளில் அது ஒன்று. எந்த நாட்டிலிருந்தோ ஓடி வந்தவர்கள். அந்த நாட்டில் தங்க அடைக்கலம் கேட்டு மனுப் போட்டு, மறுத்து, மேல்மனுப் போட்டு, மறுபடி மறுத்து, நீ விடாமல் வாதாடி வருஷங்களை இழுத்தாய். அதற்குள் பிள்ளைகள் அந்த ஊர்ப் பாஷையில் கனவு காண ஆரம்பித்துவிட்டார்கள், பனியில் சறுக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் தோற்றாய். அவர்களை விமானத்தில் ஏற்றிய அன்று நீ எங்களைக் கூப்பிட்டாய். ‘அப்பா, மொதல் நாளே முடியாதுன்னு சொல்லியிருந்தா அவங்க வேற எங்கயாவது போயிருப்பாங்க. நான் நம்பிக்கை குடுத்து குடுத்து அவங்கள அழிச்சிட்டேன்’ என்றாய். நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். நல்லவேளையாக லைன் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நீ வழக்குகளைக் குறைத்துக்கொண்டு நகர சபைக்கு நின்றாய், ஜெயித்தாய், கோட்டு போட்டாய். இல்லை என்பதை நேராகவும் சீக்கிரமாகவும் சொல்வதுதான் இரக்கம் என்று மேடையில் பேசினாய். கேட்கிறவர்கள் உன்னைக் கல் மனசுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். அந்த லைன் போவதற்கு முன்னால் உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் நான் உனக்குச் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. அதை நீ மறந்திருக்க மாட்டாய். பர்மியரின் தடிஞ்சுட் விளக்குத் திருநாள் வந்தால் இங்கே பழமும் துணியும் எடுத்துக்கொண்டு போய், வயதில் பெரியவர்களையும் வேலை கொடுக்கிற மேலாளர்களையும் விழுந்து கும்பிடுவது நமக்கும் பழகிவிட்டது. கோயிலுக்குப் போகிற நாமும் செய்வோம், மீரான் பாயும் செய்வார். செய்யாவிட்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர். உனக்கு நகர சபையில் இடம் கொடுத்த உங்கள் வட்டாரத் தலைவருக்கு அந்த வருஷம் யாருமே கும்பிடு போடவில்லையே என்று எனக்குப் பகீரென்றது. தின்கன்ஜூனில் ஒரு டீச்சரம்மாவின் மகள் அந்தப் பக்கம் படிக்கப் போனாள். அவள் பெட்டியில் அரக்குப் பெட்டி ஒன்று, லப்பெ ஊறல் தேயிலை ஒரு பொட்டலம், பட்டு லுங்கி ஒன்று, ‘என் மகனைத் தங்கள் மகனாகப் பாவித்து’ என்று தொடங்குகிற நாலு வரி, எல்லாம் ஏற்றி அனுப்பினேன். அந்தப் பெண் சமர்த்து, நேராகத் தலைவரின் ஆபீசிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நீ போன் செய்தாய். வணக்கம்கூட இல்லை. ‘என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?’

‘மரியாதை பண்ணேன். ஏன், லுங்கி நீளம் பத்தலியா? அங்கே எல்லாரும் ஒசரமாச்சே’ என்றேன்.

‘அப்பா, இங்கே இதுக்குப் பேரு வேற. அவர் ஆபீஸ்ல பதிஞ்சு, திருப்பி அனுப்பப்போறாங்க. ஊர் பேப்பர்லேருந்து எனக்குப் போன் வருது.’

‘பேப்பர்லயா? படம் போடுவாங்களா?’

‘அப்பா!’ என்று நீ கத்தினாய். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் என்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறாய். பிறகு குரலைத் தாழ்த்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாய்: ‘இங்கே சொந்தக்காரங்க கை உள்ள வந்தா நான் எந்திரிச்சு வெளிய போகணும்ப்பா. உங்க பேர் இருக்கற எந்த விஷயத்துலயும் நான் உட்காரக்கூடாது. அதான் சட்டம். தயவுசெஞ்சு இனிமே என் வேலைக்குள்ள வராதீங்க.’

வரமாட்டேன் என்று சொன்னேன். படம் போட்டார்கள் என்று இங்க்ரிட் பிற்பாடு சொன்னாள். அரக்குப் பெட்டியின் படம். தலைவர் சிரித்துக்கொண்டே அதைக் கையில் பிடித்திருந்தாராம். உன் படமும் ஓரத்தில் இருந்ததாம், நீ சிரிக்கவில்லையாம். சொந்தக்காரன் கை நுழையாவிட்டால் நாற்காலியே நிற்காத ஊரில் இத்தனை வருஷம் பிழைத்தவன் நான். ஒரு கும்பிடு இப்படி வெடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கீழ் வீட்டுப் பர்மிய அம்மாள் டோ கின் ஏ தன் மகளுக்காக வந்து நின்றபோதும் காப்பாற்றினேன்.

டோ கின் ஏயின் மகளை உனக்கு ஞாபகம் இருக்கும், படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிற பெண். ஷ்வேப்யிதாவில் தையல் ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஃபாக்டரி மூடிவிட்டது. ஒரு நாள் அவர் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘உங்க மகன் மந்திரியாச்சே, ஒரு வார்த்தை’ என்றார். நான் பண்ணிய மந்திரி! உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, நீ செய்யவும் கூடாது என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ‘நல்ல பிள்ளையா வளர்த்திருக்கீங்க’ என்று பர்மியில் சொல்லிவிட்டு எழுந்து போனார். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மகள் பிறகு வேறு வழியில், யாரோ ஒரு ஆளைப் பிடித்து, தாய்லாந்துப் பக்கம் போனாள். மகளிடமிருந்து போன் வந்த நாட்களில் டோ கின் ஏ மாடிப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறுவார். கொஞ்ச நாளாகப் படிக்கட்டில் சத்தம் இல்லை. நான் போய்க் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

பாராளுமன்றத்தில் நீ முதலில் பேசிய பேச்சை இங்க்ரிட் வீடியோவாக அனுப்பி, கூடவே இங்கிலீஷிலும் எழுதி அனுப்பினாள். மின்சாரம் வந்ததும் நானும் அம்மாவும் பார்த்தோம். பார்க்க வருகிறேன் என்று வந்துவிட்டுத் திரும்பிப் போகாதவர்களைப் பற்றிய பேச்சு. விதியை இறுக்க வேண்டும் என்றாய். வாசலில் நிற்கிறவனைப் பார்த்து நீ யாருடைய அப்பா, யாருடைய பிள்ளை என்று சட்டம் கேட்கக்கூடாது, எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்றாய். நடுவில் என்னைப் பற்றியும் சொன்னாய். ‘ரங்கூனில் இருக்கிற என் அப்பா வாழ்நாளில் ஒருமுறைகூட அரசாங்கத்திடம் கை நீட்டியதில்லை.’ அங்கே கை தட்டினார்கள். நான் இங்கே தட்டினேன். அம்மா தட்டவில்லை, உன் கன்னம் ஒட்டியிருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லவா? நீ சொன்னது சத்தியம். ஆனால் அது என் தன்மானத்தால் இல்லை, குமரா. இங்கே அரசாங்கத்தைப் பார்த்துக் கை நீட்டினால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தால். அடுத்த முறை பேசும்போது அதையும் சேர்த்துக்கொள் என்று சொல்லமாட்டேன். சேர்த்தால் கை தட்டமாட்டார்கள்.

உன் பேச்சில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நீ சொல்வது நியாயம்தான். என்னைப் போன்றவர்களை உள்ளே விட்டால் ஒரு மாதத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்து, உன் நாட்டையே தரகுக்கு விட்டுவிடுவோம். ஆனால் கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் இந்த நியாயத்தைக் காட்டாதே. வீட்டுக்குள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறவனோடு ஒரு பெண்ணால் குடித்தனம் பண்ண முடியாது. அவளுக்கென்று ஒரு ஓரக்கண் வைத்துக்கொள். வழக்கில் ஜெயிக்கிற மாதிரி அவளை ஜெயிக்காதே. நான் உன் அம்மாவிடம் வாதத்தில் எத்தனையோ முறை ஜெயித்திருக்கிறேன். ஜெயித்த ஒவ்வொரு முறையும் தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

நீ வந்து பார்க்கலாமே என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. உன் கட்சியும் வேண்டாம் என்கிறது, ராணுவம் ஆளுகிற இந்த ஊர் நிலைமையும் அப்படி. உள்ளே வந்தால் வெளியே விடுவார்களா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உன்னைத் தொட்டுப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று அம்மா கணக்குச் சொல்வாள், நான் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு மஞ்சள் கயிறு தனியாக அனுப்பியிருக்கிறாள். தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்ட பிறகு, யாரும் பார்க்காத இடத்தில் கட்டினாலும் போதுமாம், ஆனால் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். யாராவது ஒரு நல்ல மனசுக்காரியைப் போடச் சொல். பழைய துணிச் சந்தையில் பொதி பிரித்த அன்று பச்சை நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை வேறு வாங்கி வைத்திருக்கிறாள். இந்த ஊர் வேக்காட்டில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வியர்த்துக் கொட்டியது. ‘எப்பிடி இருக்கு?’ என்றாள். அந்த ஒரு தடவை நான் ஜோக் அடிக்கவில்லை. நல்லாயிருக்கு என்றேன்.

ஆகவே குளிர், முழங்கால், தொழில். இன்னும் நாலு காரணம் யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் நீ சட்டம் படித்தவன். ஒரு காரணம் போதுமான இடத்தில் ஒருவன் ஏழு காரணம் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உன் ஆட்களில் யாராவது என்றைக்காவது பேச்சுவாக்கில் உன்னிடம் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை வந்த வாரமே நாங்கள் விசாவுக்குப் போனோம். உனக்குச் சொல்லவில்லை. உன் வேலைக்குள் வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் இல்லையா? பத்திரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டு, மலையும் கடலும் பார்க்கப் போகிற இரண்டு பேராகப் போனோம். பதில் சீக்கிரமாகவே வந்துவிட்டது. நாங்கள் திரும்பி வருவோம் என்பதற்கு நம்பிக்கை போதவில்லையாம். மகன் கல்யாணம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பார்கள் என்று விவரம் தெரிந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டால், நமக்கு வேண்டியவன் பெயரைச் சொல்வது அவன் தலைக்குத்தான் வினை. அன்று விசா ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய சின்னப் பெண், நல்ல மரியாதையான பெண். காகிதங்களை அடுக்கிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டாள். ‘அங்கே உங்களுக்குச் சொந்தம் யாராவது இருக்காங்களா?’

‘யாரும் இல்லை’ என்றேன்.

பக்கத்தில் நின்ற உன் அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.